விசாரிக்க வந்தவர் தண்ணீர் குடிக்கவில்லை

அந்த அறிக்கையின்படி எனக்கு வயது இருபது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டேன். கோயம்புத்தூரில் பெரியம்மா வீட்டில் தங்கி ஒரு தையல் கம்பெனிக்குப் போய்வருகிறேன். தனியாக எங்கும் போகாத பெண். நாளைக்கே வேலையை விடச் சொன்னாலும் மறுபேச்சுப் பேசாமல் விட்டுவிடுவேன்.

முதலாளி இதை ஆங்கிலத்தில் வாசித்தார். வரிக்கு வரி நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. எம்.சி.ஏ. படித்திருந்தேன். பெரியம்மா என்று எனக்கு ஒருவரும் கிடையாது. பெண்கள் விடுதியில் இருந்தேன். பொத்தான் அறுந்தால்கூடப் பக்கத்து அறைப் பெண்ணிடம் கொடுத்துத்தான் தைத்துக்கொள்வேன். முதலாளி கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என்னைவிட அவர்தான் அதிகம் கூச்சப்பட்டார். காகிதத்தை மடித்தும் பிரித்தும் மேசை மேல் வைத்தும் எடுத்தும் கொண்டிருந்தார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. கம்ப்யூட்டருக்குள் வைரஸ் நுழையாமல் தடுக்கும் மென்பொருளைச் செய்து விற்கும் சிறிய கம்பெனி எங்களுடையது. கோயம்புத்தூரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. புதிதாகக் கிளம்பும் வைரஸ்களைப் பிடித்து, எதனோடும் இணைக்கப்படாத ஒரு தனிக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, அது எதைத் தொடுகிறது, எங்கே போய் ஒளிகிறது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. அந்தத் தனிக் கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறைக்கு என்னிடமும் இன்னொருவரிடமும் மட்டுமே சாவி இருந்தது. அந்தச் சாவியைக் கைப்பைக்குள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடப்பேன். கொல்லிமலையில் ஏர் பிடிப்பதும் மிளகு பறிப்பதும் தவிர வேறு எதுவும் அறியாத குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தச் சாவி எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்று இருந்தது.

வெளிநாட்டுப் பெரிய கம்பெனி ஒன்று எங்கள் கம்பெனியை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாக முதலாளி ஒருநாள் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். யோசிக்கிறார்கள், அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குப் பிறகு ஆட்கள் வந்தார்கள். கணக்குப் பார்க்க ஒரு கூட்டம், மென்பொருளைப் பிரித்துப் பார்க்க ஒரு கூட்டம். கடைசியாக எங்களையே பார்ப்பது என்று முடிவாயிற்று. வைரஸைப் பிடிக்கத் தெரிந்தவருக்கு அதை எழுதவும் தெரியும் அல்லவா. அதனால் எங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் சொந்த ஊரிலேயே விசாரிப்பார்கள். நாங்கள் எழுதிக் கொடுத்ததும் ஊரில் சொல்வதும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதவரை விட்டுவிட்டு மற்றவர்களோடு கம்பெனியை வாங்கிக்கொள்வார்கள்.

மற்றவர்கள் பயந்தார்கள். ஒருவர் கல்லூரியில் ஒரு பாடத்தை முடிக்காமலேயே விட்டிருந்தார். இன்னொருவர் பழைய வேலையில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர். நான் பயப்படவில்லை. எழுதியதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கொல்லிமலையின் குண்டனி நாட்டுப் பகுதியில் இருக்கும் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைத் தெரியும். விசாரிக்க மலை ஏறி வரும் ஆள், இங்கிருந்து இப்படி ஒரு பெண் படித்துப் போனாளா என்று ஆச்சரியப்படுவார் என்றுகூட நினைத்திருந்தேன்.

அறிக்கையின் கடைசியில் ஒரே ஒரு பத்தி மற்றவற்றோடு சேராமல் இருந்தது. அருகில் வசிக்கும் உறவுக்கார வாலிபர் ஒருவர் மட்டும் வேறுவிதமாகச் சொல்கிறார். அவர் சொல்வதன்படி இந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது, பெரிய படிப்பு படித்தவள், விடுதியில் தனியாக இருக்கிறாள், இங்கிலீஷ் பேசுவாள், திமிர் அதிகம், யார் சொல்லும் கேட்க மாட்டாள், இந்த மலையில் வந்து குடித்தனம் செய்ய மாட்டாள்.

யார் என்று உடனே தெரிந்துவிட்டது. என் மாமன் மகன். நான் கல்லூரியில் இருக்கும்போது என்னைப் பெண் கேட்டு வந்து, நான் மறுத்த பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே வராதவன். அறிக்கையில் உண்மையாக இருந்தது அவன் சொன்னது மட்டும்தான்.

முதலாளி கேட்டார். "ஏம்மா, நாம விக்கறதே நம்பிக்கையத்தானே. நீங்க எழுதிக் குடுத்தது ஒண்ணு, உங்க வீட்டுல சொல்றது இன்னொண்ணு. யாரை நம்பறதுன்னு அவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

காது சுட்டது. எங்கள் மலைக்காரர்களைப் பற்றிக் கீழே இருப்பவர்கள் பேசுவதையெல்லாம் கல்லூரியில் கேட்டவள் நான். விவரமில்லாதவர்கள், சொன்ன சொல்லில் நிற்காதவர்கள் என்பார்கள். அதற்கெல்லாம் பதிலாகத்தான் ஒவ்வொரு தேர்விலும் முதலிடம் வாங்கினேன். இப்போது என் வீட்டாரே என்னைப் பற்றிச் சொன்ன பொய், அச்சடித்த காகிதத்தில் அவர் மேசை மேல் கிடந்தது. அதற்குச் சமாதானமாக நான் என்ன சொன்னாலும் அதுவும் ஒரு மலைக்காரியின் பேச்சாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. குனிந்தபடியே நின்றேன்.

மறுபடி ஒருமுறை விசாரிக்கும்படி கேட்டிருப்பதாகவும், அடுத்த வாரம் அதே ஆள் போவார் என்றும் சொன்னார். அதிலும் இதேபோல வந்தால் தன் கையில் எதுவும் இல்லை. கண்ணாடி அறைச் சாவியை அதுவரை இன்னொருவரிடம் கொடுத்துவைக்கச் சொன்னார். கொடுத்தேன். கொடுக்கும்போது மற்றவர்கள் எல்லோரும் தங்கள் திரையையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையிலேயே ஊருக்குப் புறப்பட்டேன். நாமக்கல் வந்து, கொல்லிமலை மேல் இருக்கும் செம்மேட்டுக்கு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, வீட்டில் பேசவேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். மாமன் மகன் சொன்னது எனக்குப் புரிந்தது. மற்றவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதுதான் விளங்கவே இல்லை. எங்கள் வீட்டில் என் படிப்பை எல்லோருக்கும் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

செம்மேடு பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி அன்னாசிப் பழம் விற்றுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக, "வரச் சொல்லிட்டாங்களா கண்ணு?" என்று கேட்டாள். யார் வரச் சொன்னார்கள் என்று கேட்டேன். தெரியாத மாதிரிக் கேட்பதைப் பார் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தாள். பழம் ஒன்றைச் சீவி என் கையில் திணித்தாள்.

வீட்டு முன்சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பொங்கலுக்குக்கூட அம்மா பின்சுவரோடு சேர்த்துத்தான் அடிப்பாள். இப்போது வழியில் வருகிறவர் கண்ணுக்குப் படும் பக்கம் மட்டும் வெளுத்திருந்தது. வாசலில் காயப்போட்டிருந்த மிளகைப் பக்கத்து வீட்டுச் சின்னம்மா காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டாள். உடனே அதை மறைத்துக்கொண்டாள். முடிவாகாத சேதியைப் பெண்ணிடம் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் அறிக்கையைப் பற்றிக் கேட்கத் தொடங்கியதும் சின்னம்மாவால் பொறுக்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி விசாரித்துவிட்டுப் போன கதையை அவளே சொல்லிவிட்டாள்.

எங்கள் மலையில் பெண்ணைப் பற்றி விசாரிக்க வருகிறவர் அதற்காகத்தான் வந்தேன் என்று சொல்ல மாட்டார். மிளகு விலை கேட்க வந்தவர் போலவோ வழி கேட்பவர் போலவோ வருவார். நேராகப் பெண் வீட்டுக்குப் போகாமல் அக்கம்பக்கத்தில் முதலில் கேட்பார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார். ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் சம்மதம் சொன்னது போல ஆகிவிடும். அறிக்கை எழுத சேலத்திலிருந்து வந்த ஆளுக்கும் ஒரு விதி இருந்தது. விசாரிக்கப் போகிற வீட்டில் எதையும் வாங்கிச் சாப்பிடக் கூடாது. அது லஞ்சம் ஆகிவிடும். எதற்காக விசாரிக்கிறோம் என்றும் சொல்லக் கூடாது. அக்கம்பக்கத்தில் கேட்ட பிறகுதான் வீட்டில் கேட்கவேண்டும். தன் விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்திருக்கிறார் அவர்.

அம்மா சொன்னாள். "வெயில்ல பைக்கு ஓட்டிக்கிட்டு வந்த மனுசன். மோரு குடுத்தேன், வேண்டாங்கன்னுட்டாரு. தண்ணியாவது குடிங்கன்னேன். அதுவும் வேண்டாம்னாரு. அப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு கண்ணு. மொறை தெரிஞ்ச குடும்பம்."

அவர் வயது கேட்டாராம், படிப்புக் கேட்டாராம், நடத்தை எப்படி என்று கேட்டாராம். போலீஸ் வழக்கு ஏதாவது உண்டா என்றுகூடக் கேட்டாராம். இவ்வளவு தூரம் கேட்கிறார்கள் என்றால் பெரிய இடம்தான் என்று அப்பாவுக்கும் உறுதிப்பட்டிருக்கிறது. வீட்டை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். போட்டோவில் சுவர் கறுப்பாக விழுந்திருக்குமே என்று அம்மாவுக்கு ஒரே கவலை. அடுத்த முறைக்காகத்தான் சுண்ணாம்பு.

சின்னம்மா தன் பங்கைப் பெருமையாகச் சொன்னாள். "தையலுன்னு சொன்னது நாந்தான் சாமி. நீ பாக்கறது காவலு வேலைன்னு சொன்னா பொம்பளப் புள்ளைக்கு நல்லாவா இருக்கும்?"

நான்தான் ஒருமுறை அவர்களுக்கு விளங்கட்டும் என்று, வெளியாள் உள்ளே வராமல் காவல் காக்கிற மாதிரி வேலை என்று சொல்லியிருந்தேன். அவர்கள் கீழே மில் வாசலில் தடியோடு நிற்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொண்டார்கள். வருடக்கணக்காக என் வேலையை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கேட்டால் ஆபீஸ் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்களாம்.

வேலை சரி, படிப்பை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். பத்தாவதோடு ஏன் நிறுத்தினீர்கள்?

அம்மா என்னை விளங்காதவளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "உம்மேல ஒரு கொறையும் சொல்லக் கூடாதுன்னுதான் கண்ணு. வயசக் கொறச்சோம், படிப்பக் கொறச்சோம், பொண்ணு கேட்டு யாரு வந்தாலும் அப்படியே சொல்லோணும்னு ஊருல முன்னாடியே சொல்லி வெச்சோம். இத்தன படிச்சவன்னு தெரிஞ்சா எவன் வருவான்? வந்தாப் பாத்துக்கலாம், அப்பறமாச் சொல்லிக்கலாம்னு விட்டோம்."

அவள் அதை என்மீதுள்ள பிரியத்தால்தான் சொன்னாள். மிளகு சாக்கில் ஓட்டை இருந்தால் அந்தப் பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது போல, என் படிப்பைத் திருப்பி வைத்திருக்கிறார்கள். உறைவிடப் பள்ளியில் நான் தூங்காமல் படித்ததெல்லாம், கீழே கல்லூரியில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு முன்னால் எழுந்து நின்று பதில் சொன்னதெல்லாம், எங்கள் வீட்டுக் கணக்கில் குறை. முதலாளி அறையில் வந்த வெட்கம் முகத்தோடு போயிற்று. இது உள்ளே எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. சாப்பாடு போடப்போனவளைப் பசியில்லை என்று தடுத்துவிட்டேன்.

காட்டிலிருந்து அப்பா வந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பெரிய கம்பெனி வாங்க நினைப்பதை, வாங்குவதற்கு முன் ஆட்களை விசாரிப்பதை, வந்தவர் அதற்காக வந்தவர் என்பதை, அவர்கள் சொன்ன பொய்யால் என் வேலை போகப்போகிறது என்பதை. அப்பா கால் கழுவிக்கொண்டே கேட்டார்.

"ஆளுங்களையும் சேத்துத்தான் வாங்கறாங்களா?"

ஆமாம் என்றேன்.

"அப்ப விசாரிக்கத்தான் செய்வாங்க" என்றார். தப்பு அந்த ஆள் மேல் இல்லை என்பது அவருக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மாவுக்குப் புரிய நேரமானது. அடுப்பில் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டே இருந்தவள், துடுப்பை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப மாப்பிள்ளை இல்லியா?"

களி இறுகி அடிப்பிடிக்கத் தொடங்கும்வரை அவள் கிண்டிக்கொண்டே இருந்தாள். சின்னம்மா மெல்ல எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டாள். வாசலில் காய்ந்திருந்த மிளகை அன்றைக்கு நான்தான் அள்ளி வைத்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சேலத்து ஆள் மறுபடி வந்தபோது நான் ஊரில்தான் இருந்தேன். பேசும்போது நான் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று அவருக்கு இன்னொரு விதி. பைக் சத்தம் கேட்டதும் வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய மரத்தடிக்குப் போய்விட்டேன். வாசலில் பேசுவது அங்கே நன்றாகவே கேட்கும். நான் சொல்லிக்கொடுத்தபடி அம்மா வீட்டுக்குள்ளே உட்காரவைத்து, தன் வாயால் உண்மையைச் சொல்லி அனுப்பிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். வெளியே யாருக்கும் தெரியவேண்டியதில்லை. எழுதுகிறவர் எழுதிக்கொண்டால் போதும்.

அம்மா அவரை வாசலிலேயே நிற்கச் சொன்னாள். பிறகு சின்னம்மாவைக் கூப்பிட்டாள். மேல் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். போன தடவை இந்த மனிதரிடம் வாய் திறந்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். பொய்யை எல்லோருமாகச் சொன்னதால் உண்மையையும் எல்லோர் முன்னாலும்தான் சொல்லவேண்டும் என்று அவளாக முடிவு செய்திருக்கிறாள். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அப்படித்தான் செய்யவேண்டும். முதலில் சொன்னபோது இருந்தவர்கள் எல்லோரும் இருந்தால்தான் மாற்றிச் சொன்னது செல்லும். நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை.

"எம்புள்ளைக்கு இருவத்தாறு வயசுங்க. இருவதுன்னு போன தடவ சொன்னது பொய்யிங்க" என்று தொடங்கினாள்.

"நீதானக்கா இருவதுன்னு சொல்லச் சொன்ன" என்றாள் சின்னம்மா. யாரோ சிரித்தார்கள்.

"நாந்தான் சொல்லச் சொன்னேன். நாந்தான் இப்ப மாத்திச் சொல்றேன். நீ வாய மூடு."

கோயம்புத்தூரில் பெரியம்மா இல்லை, விடுதியில்தான் இருக்கிறாள் என்றாள். தனியாகத்தான் வருவாள், தனியாகத்தான் போவாள் என்றாள். தைக்கத் தெரியாது என்றாள். வேலையை விடச் சொன்னால் விடமாட்டாள் என்றாள். ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. அவை எல்லாம் நான் முதலாளியிடம் நிமிர்ந்து நின்று சொல்லிக்கொள்கிற விஷயங்கள். என் அம்மா அவற்றைக் குற்றம் ஒப்புக்கொள்கிற குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேல் வீட்டுக் கிழவர், இப்படியா வெளியில் சொல்வது என்று தனக்குள்ளே முனகுவது எனக்குக் கேட்டது.

அந்த ஆள் படிப்பு என்ன என்று கேட்டார். அம்மா தடுமாறினாள். பெரிய படிப்புங்க என்றாள். பேர் வேண்டும் என்றார் அவர். காலேஜ் படிப்பு, அதற்கும் மேலே என்றாள். நான் எத்தனையோ முறை சொல்லியிருந்தும் அவளுக்கு நிற்கவில்லை. யாரிடமும் சொல்லாததை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வாள். அப்போது கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் வந்தது.

"எம்.சி.ஏ. அத்தை."

அம்மா அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். மாமன் மகன் வந்திருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. திமிர் பிடித்தவள் என்று சொன்னவர் நீங்கள்தானே என்று அந்த ஆள் கேட்டார் போலிருக்கிறது. அதிலும் மாற்றமில்லைங்க என்றான். இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மரத்தடியில் நின்ற எனக்கும் சிரிப்பு வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. அவன் அத்தோடு நிற்காமல், "அவ பொய் சொல்ல மாட்டாங்க. அத எழுதிக்குங்க" என்று சொன்னான். யாரும் கேட்காத கேள்விக்கு அவன் பதில் சொன்னான்.

எழுதி முடித்ததும் அம்மா மறுபடி மோர் கொண்டுவந்தாள். கல்யாண விஷயம் இல்லை என்று ஆகிவிட்டதே, இனி குடிப்பதற்கு என்ன என்று கேட்டாள். அவர் எங்க ஆபீஸ் விதிம்மா என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பைக்கை எடுத்தார். நான் வாசலுக்கு வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. அம்மா செம்போடு நின்றிருந்தாள். சின்னம்மா என் தோளை இடித்து ரகசியமாகச் சொன்னாள்.

"ரெண்டாந் தடவையும் கை நனைக்கல பாத்தியா? உங்கம்மாகிட்ட உண்மை வருதான்னு சோதிக்கத்தான் வந்திருக்காங்க. கம்பெனியாவது ஒண்ணாவது."

நான் அவளுக்கு மறுபடி விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை.

புதிய அறிக்கை வந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டு, சரியாகிவிட்டது என்றார். முதல் தடவை ஏன் அப்படி நடந்தது என்று கேட்டார். சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்; மற்றவர்களையும் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன். தண்ணீர் குடிக்காத கதையை எல்லோரும் ரசித்தார்கள். அம்மா வாசலில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அது சிரிப்பதற்கு இல்லை. சாவி என் கைக்குத் திரும்ப வந்தது. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு காத்திருந்தோம். வாரத்துக்கு ஒரு கேள்வி வந்துகொண்டிருந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு ஒன்றும் இல்லை. கடைசியில் சுருக்கமாக ஒரு கடிதம். யோசித்துப் பார்த்ததில் இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்திருப்பதாக இருந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. முதலாளியின் வீட்டில் புதுக் கார் வாங்கப்போவதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் சில நாட்கள் பின்வாசல் வழியாக வந்துபோனார்.

காரணம் சொல்லாததால் ஆளுக்கொரு காரணத்தை எடுத்துக்கொண்டோம். வாடிக்கையாளர் எண்ணிக்கையைத் தான் கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான் காரணம் என்று முதலாளி ஒருநாள் என்னிடமே சொன்னார். மென்பொருளின் வேகம் தன் பகுதியில்தான் குறைகிறது என்று ஒருவர் சோர்ந்துபோனார். படிப்பை முடிக்காதவர் அதனால்தான் என்றார். யாரையும் யாரும் குறைசொல்லவில்லை. ஒவ்வொருவரும் தன் தலையில் போட்டுக்கொண்டோம். கம்பெனி பழையபடி நடந்தது, வேலையும் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்களாகத்தான் அந்த மாடிப்படியில் ஏறி இறங்கினோம்.

ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொன்னேன். நல்லபடியாகத்தான் சொன்னேன். வாங்கவில்லை, அதனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை, வேலை அப்படியேதான் இருக்கிறது.

மறுநாள் இருவரும் செம்மேட்டுச் சந்தைக்குப் போனோம். குச்சிக்கிழங்குக் குவியலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெண்கள் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு அம்மாவிடம், கூடிவந்த சம்பந்தத்தை வாயைத் திறந்து கெடுத்துவிட்டாயே என்றாள். வயதையும் படிப்பையும் வாசலில் நின்று ஊருக்கே கேட்கச் சொன்னால் எவன் பெண் எடுப்பான் என்றாள் இன்னொருத்தி. அவர்களைப் பொறுத்தவரை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள், விசாரித்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்கள். அதில் பொய்யும் இல்லை, ஒருவகையில். அம்மா மறுக்கவே இல்லை. ஆமாம், என் வாயால்தான் கெட்டது என்று ஒப்புக்கொண்டு, கிழங்கைப் பொறுக்கிக் கூடையில் போட்டாள்.

நடந்து திரும்பும்போது அவளிடம் கோபப்பட்டேன். வராத மாப்பிள்ளைக்காக ஏன் தலைகுனிகிறாய், கல்யாணம் இல்லை என்று அவர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லக் கூடாதா என்று கேட்டேன். அவளுக்கு மாப்பிள்ளையைப் பற்றிய நினைப்பே இல்லை. முதல் தடவை தான் சொன்ன பொய்யால்தான் அந்தப் பெரிய கம்பெனி ஒதுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். என்னோடு வேலை பார்க்கிற அத்தனை பேரின் பிழைப்பையும் கெடுத்துவிட்டோம் என்று அப்பாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். சந்தையில் அவள் ஒப்புக்கொண்டது அதைத்தான்.

இல்லவே இல்லை என்றேன். நீ சரியாகச் சொன்ன பிறகு என் பேரில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிவிட்டார்கள், அவர்கள் வாங்காததற்கு வேறு என்னென்னவோ காரணம் இருக்கும் என்றேன். என்ன காரணம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாது என்று சொன்னதுமே நான் அவளுக்காக எதையோ மறைக்கிறேன் என்று முடிவு செய்துகொண்டாள். கூடையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"இன்னொருத்தரு வாங்க வந்தாங்கன்னா, நான் என்ன சொல்லோணும்னு முன்னாடியே சொல்லிப்போடு கண்ணு" என்றாள்.

"உள்ளதச் சொன்னாப் போதும்மா."

"உள்ளதத்தான ரெண்டாந் தடவ சொன்னேன்" என்றாள் அம்மா. "அப்பவும் வாங்கலியே."